பத்து நாள் மருந்து

புதுத்தொண்டியில் எந்தக் கதவும் சாவிக்குத் திறக்காது. கதவின் முன்னால் நின்று, நாக்கை நீட்டி, 'ஆ' என்று வாயைத் திறக்க வேண்டும். கதவு உள்ளே எட்டிப் பார்க்கும். தொண்டை சுத்தம் என்று அதற்குத் திருப்தி வந்தால்தான் வழிவிடும். பள்ளிக்கூடம், கடைவீதி, அலுவலகம், கோயில், பள்ளிவாசல், மாதாகோயில், எங்கே போனாலும் இதே கதைதான். கல்யாண மண்டபத்து வாசலில் பட்டுப்புடவையும் பூவுமாக நூறு பேர் வரிசையில் நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வராது. நாக்கை நீட்டாமல் ஒருவர் கதவருகே போனால்தான் அவர்களுக்கு முகம் சுளிக்கும்.

அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊர் இருப்பது செவ்வாய்க் கிரகத்தின் தரைக்கு அறுபது மீட்டர் கீழே, என்றோ எரிமலைக் குழம்பு ஓடி வற்றிப்போன ஒரு நீண்ட குகைக்குள். ஒன்பதாயிரம் பேருக்கும் சேர்த்து ஒரே காற்று. இவர் விட்டதைச் சுத்தம் செய்து அவருக்கு அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருமலும் தும்மலும் யாருடைய சொந்த விஷயமும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடக் கதவு தூறலுக்குத் திறக்கவில்லை. தூறலுக்கு எட்டு வயது. மழையே பெய்யாத ஊரில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அப்பா. அவர் துருவத்துப் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். தூறல் இரண்டாம் தடவையும் 'ஆ' என்றாள். கதவு சிவப்பு விளக்கைப் போட்டு, அவளுடைய அம்மா வடிவுக்குச் செய்தி அனுப்பியது. சரக்கிருமி, எண்ணிக்கை அதிகம், வீட்டிலேயே இருக்கவும்.

சரக்கிருமி என்பது அந்த ஊர் வைத்த பெயர். உருண்டை உருண்டையாக, நூலில் கோத்த பாசிமணி போலச் சரமாக நிற்பதால் அப்படி அழைத்தார்கள். பூமியிலிருந்து புறப்பட்டபோது விதை, மண், துணிமணி, பாத்திரம் என்று ஒன்றுவிடாமல் கொதிக்க வைத்தும் கதிர் பாய்ச்சியும்தான் கப்பலில் ஏற்றினார்கள். ஆனால் ஆட்களைக் கொதிக்க வைக்க முடியாதே. அவர்கள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு, ஏழு மாதப் பயணத்தைச் சொகுசாக முடித்து, இந்தக் கிருமியும் வந்து இறங்கிவிட்டது. மனிதன் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் அவன் தொண்டை போய்ச் சேருகிறது, என்ன செய்ய.

வடிவு காற்றுப் பிரிவில் மேற்பார்வையாளர். வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தாள். மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. எச்சில் விழுங்க முடியவில்லை, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. சுவர்த்திரையில் டாக்டர் ஜைனம்பு வந்து பார்த்தார். ஊரின் நான்கு டாக்டர்களில் மூத்தவர் அவர். பயப்பட ஒன்றுமில்லை, பெனிசிலின் மாத்திரை தருகிறேன், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பத்து நாள் என்றார். சொன்னது வடிவிடம் இல்லை. வடிவுக்குப் பின்னால் நின்ற பவுனிடம்.

பவுனு அந்த வீட்டின் செவிலி. சாம்பல் நிற உடம்பு, மூன்று கை, வட்ட முகம். இயந்திரம்தான், ஆனால் அந்த ஊரில் செவிலியை யாரும் அது என்று சொல்வதில்லை. வீட்டுக்கொரு செவிலி கட்டாயம். ஏனென்றால் மருந்தை மனிதர்கள் கையால் தொடக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றபடி மருந்துப் பெட்டி வந்தால் செவிலிதான் வாங்க வேண்டும், செவிலிதான் பிரிக்க வேண்டும், செவிலிதான் கொடுக்க வேண்டும். பூமியில் மருந்து கைக்குக் கிடைத்தபோது மனிதர்கள் அதை என்ன பாடு படுத்தினார்கள் என்று, ஊரை உண்டாக்கிய முன்னோர்கள் முந்நூறு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் அதன் மேல் பெரிய மரியாதை. அதை முழுதாகப் படித்தவர்தான் யாரும் இல்லை.

முதலில் வந்த செவிலிகள் வேறு மாதிரி. வேளை தவறாமல் மருந்து கொடுத்தன, அவ்வளவுதான். தூங்குகிற குழந்தையை எழுப்பி, வாயைப் பிளந்து, உள்ளே போட்டுவிட்டுப் போய்விடும். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார்கள். பெரியவர்கள் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஐம்பத்தாறு வருடம் பொறுத்த ஊர்ச்சபை, கடைசியில் செவிலிகளுக்கு அன்பைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தது. அன்பை எங்கே போய் வாங்குவது? பூமியின் பழைய ஆவணக் கிடங்கிலிருந்து, வீடுகளில் எடுத்த காட்சிப் பதிவுகளை மலை மலையாக வரவழைத்தார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை அம்மாக்களும் அத்தைகளும் அப்பாக்களும் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதைப் புதிய செவிலிகள் அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பது, மிளகு ரசம் வைத்து ஆற்றிக் கொடுப்பது, 'ஒரே ஒரு வாய், என் கண்ணுல்ல' என்று கெஞ்சுவது, எல்லாம் வந்துவிட்டது.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. தூறலுக்கு நாலு வயதாகும்போது பவுனு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு வடிவு ஒருநாளும் வேலைக்குப் போகிற இடத்தில் மகளை நினைத்துக் கவலைப்பட்டதில்லை. சொந்தத் தங்கச்சி இருந்தால்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவையும் பவுனு குறை வைக்கவில்லை. ஒரு கையால் ஈரத்துணி, ஒரு கையால் கஞ்சி, ஒரு கையால் முதுகைத் தடவுவது என்று மூன்று நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. தூறல் எழுந்து உட்கார்ந்து உப்புமா கேட்டாள். ஆறாம் நாள் பள்ளிக்கூடக் கதவும் திறந்தது. கதவுக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனைக்கு மேல் கிருமி இருந்தால்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கீழே இருந்தால் இல்லை என்று அர்த்தம். பத்தாம் நாள் டாக்டர் ஜைனம்பு வழக்கம்போலத் திரையில் வந்து, மருந்து எல்லாம் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். பவுனு கொடுத்தாச்சு என்றாள். டாக்டர் குறித்துக்கொண்டார். அதோடு எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

மூன்றாவது வாரம் தூறலுக்கு முழங்கால் வீங்கியது. எங்கேயாவது குதித்திருப்பாள் என்று வடிவு நினைத்தாள். செவ்வாயில் ஈர்ப்பு கம்மி, பிள்ளைகள் சுவர் உயரத்துக்குக் குதிக்கும். இரண்டு நாளில் முழங்கால் வற்றி, கணுக்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. ஒரு மூட்டு சரியானால் இன்னொரு மூட்டு. மறுபடியும் லேசாகச் சூடு அடித்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தவள், வீட்டுக்கு ஏறும் பதினோரு படியில் ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குதும்மா என்றாள். வடிவு மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

டாக்டர் ஜைனம்பு காதுக்குழலைத் தூறலின் நெஞ்சில் வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் மெல்லிய ஊதல் சத்தம் கேட்டது. முப்பது வருடத் தொழிலில் அந்தச் சத்தத்தை அவர் பாடத்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறார். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். இடப்பக்கத்து வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னுக்குக் கசிந்துகொண்டிருந்தது.

வடிவை உட்கார வைத்து அவர் நிதானமாக விளக்கினார். இதற்கு வாதக் காய்ச்சல் என்று பெயர். சரக்கிருமியின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. நம் இதயத்து வால்விலும் கிட்டத்தட்ட அதே சாயலில் ஒன்று இருக்கிறது. கிருமியை அடிக்கப் புறப்படும் உடம்பின் காவல்படைக்கு, கிருமி தொண்டையில் நீண்ட நாள் தங்கிவிட்டால், யார் எவர் என்று தெரியாமல் போய்விடும். மூட்டையும் அடிக்கும், இதயத்தையும் அடிக்கும். மூட்டு ஆறிவிடும். வால்வு ஆறாது, தழும்பாகும். தொண்டையில் ஒரு கிருமிகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை. அதற்குத்தான் பத்து நாள் மருந்து.

"பத்து நாள் குடுத்தோமே டாக்டர்," என்றாள் வடிவு.

"அதான் எனக்கும் புரியல."

இந்த ஊரில் அறுபது வருடமாக ஒருவருக்கும் வராத நோய். இனிமேல் தூறலுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும். ஒரு தடவைகூடத் தவறாமல், இருபத்தொரு வயது வரைக்கும். இன்னொரு முறை கிருமி தொண்டையில் ஏறினால் வால்வு மொத்தமாகப் போய்விடும். இங்கே வால்வு மாற்றுகிற வசதி கிடையாது. பூமிக்கு அனுப்பலாம் என்றால், கப்பல் கிளம்பும்போது நெஞ்சில் ஏறும் பாரத்தை அந்த இதயம் தாங்காது. இதையெல்லாம் டாக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வடிவு அழவில்லை. நான் என்ன தப்பு பண்ணேன், எதைப் பார்க்காம விட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டார்கள். ஊரின் பெனிசிலின் ஒரு பெரிய தொட்டியில் பூஞ்சையிலிருந்து தயாராகிறது. தொட்டியைச் சோதித்தார்கள், சுத்தமாக இருந்தது. தூறலின் தொண்டையிலிருந்து கிருமியை எடுத்து மருந்தில் போட்டுப் பார்த்தார்கள். போட்டவுடன் செத்தது. மருந்தும் நன்றாக இருக்கிறது, கிருமியும் சாகிறது, மருந்தும் கொடுத்தாகிவிட்டது. பிறகு எப்படி? டாக்டர் ஜைனம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வடிவின் வீட்டுக்கே நேரில் வந்தார். காலி அட்டையைக் காட்டு, அதன் மேலிருக்கும் தயாரிப்பு எண்ணையாவது பார்க்கலாம் என்று பவுனிடம் கேட்டார்.

பவுனு சமையலறைக்குப் போனாள். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். டாக்டர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பாதி இருமல் மருந்து, போன வருடத்துக் கண் சொட்டு மருந்து, எதற்கென்று தெரியாத மூன்று வெள்ளை மாத்திரை, நான்காக மடித்த ஒரு களிம்புக் குழாய் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தூறலின் பெனிசிலின் அட்டை. அதில் பத்து மாத்திரை அப்படியே இருந்தது.

"என்ன பவுனு இது?"

"காய்ச்சல்தான் நாலாம் நாளே விட்ருச்சே டாக்டர்," என்றாள் பவுனு. குரலில் ஒரு சங்கடமும் இல்லை. "பிள்ளைக்கு வயிறு வேற எரிஞ்சுது. சும்மா எதுக்கு மருந்தைப் போட்டு உடம்பைக் கெடுக்கணும்னு நிறுத்திட்டேன். மிச்சத்தை வீணாக்கல, பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

டாக்டர் கணக்குப் போட்டார். நான்கு நாளைக்கு எட்டு போனால் மிச்சம் பன்னிரண்டு இருக்க வேண்டும். இரண்டு எங்கே என்று கேட்டார். அடுத்த வீட்டுச் செவிலி ராசம்மா, அவர்கள் வீட்டுப் பையனுக்குத் தொண்டை கரகரப்பு என்று சொன்னாளாம். நம்ம வீட்டில் இருந்ததே என்று இவள் இரண்டைக் கொடுத்திருக்கிறாள். பையனுக்கு மருந்து உடனே கேட்டதாம்.

"எல்லாம் குடுத்தாச்சுன்னு எங்கிட்ட சொன்னியே."

"டாக்டர் கேட்டா அப்படித்தானே சொல்லணும்?" என்றாள் பவுனு. விருந்து வைப்பவர் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் விருந்தாளி போதும் போதும் என்று சொல்கிற மாதிரி, இதுவும் மரியாதைக்குச் சொல்கிற ஒரு வார்த்தை என்றுதான் அவள் கற்றிருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்று செவிலிகளுக்குக் கண்டிப்பான விதி உண்டு. இது அந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் ஜைனம்பு அன்று முழுக்க ஆவணக் கிடங்கில் உட்கார்ந்து, செவிலிகள் பாடம் படித்த பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தார். எந்த வீட்டைத் திறந்தாலும் அன்பு வழிந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய விசிறினார்கள். சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். காய்ச்சல் விட்ட அன்றைக்கு எல்லோர் முகத்திலும் அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடேயே, மீதி மாத்திரையை எடுத்து டப்பாவிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், குளிர்பெட்டி மேலேயும் வைத்தார்கள். அடுத்த மாதம் வேறு யாருக்கோ சளி பிடித்தபோது எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் தொலைபேசியில் கேட்டால் எல்லாம் சாப்பிட்டாச்சு என்றார்கள். செவிலிகள் அன்பை மட்டும் தனியாகக் கற்கவில்லை. கண்ணால் கண்ட அத்தனையும் அன்புதான் என்று எண்ணிக் கற்றுவிட்டார்கள். முன்னோர்களின் அறிக்கையையும் அவர் எடுத்துப் பார்த்தார். நாற்பதாம் பக்கம் வரைக்கும் படித்தார். அதற்குள் விஷயம் புரிந்துவிட்டதால் மூடி வைத்தார்.

வடிவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து, பவுனின் முன்னால் நின்று, உன்னை நம்பித்தானேடி எம்புள்ளையை விட்டுட்டுப் போனேன் என்று கத்தினாள். சுவரைக் குத்தினாள். காற்றுப் பிரிவில் ஒரு திருகாணியை நான் எண்ணாமல் விட்டால் ஊரே மூச்சுத் திணறும், உனக்கு இருபது மாத்திரையை எண்ணிக் கொடுக்க முடியவில்லையா என்றாள். பவுனு அவளுடைய கையைப் பிடித்து, வீங்கியிருந்த விரல்களில் ஈரத்துணியைச் சுற்றினாள். வடிவு கையை உதறிக்கொண்டாள்.

ஊர்ச்சபை அவசரமாகக் கூடியது. இரண்டாயிரத்துச் சொச்சம் செவிலிகளையும் திருத்த வேண்டும். திருத்தக்கல் என்று ஒன்று செய்தார்கள், கடுகளவு படிகம். செவிலியின் பிடரியில் பதித்தால் ஒருநாள் முழுக்க உள்ளே வேலை செய்து, கெட்ட பழக்கங்களைத் தேடித் தேடி அழிக்கும். ஒரு செவிலிக்குப் பத்துக் கல், நாளைக்கு ஒன்று, பத்து நாள். முதல் தொகுதியில் அறுபது வீட்டுச் செவிலிகள் பணிமனைக்குப் போனார்கள். நோயாளி உள்ள வீடுகளுக்கும் டாக்டர்கள் வீடுகளுக்கும் முன்னுரிமை. பவுனும் போனாள். பத்துக் கற்களும் முடிந்ததற்கு ஒவ்வொரு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் ஜைனம்பு சபையில் எழுந்து நின்று வற்புறுத்தினார். பாதியில் நிறுத்தியதால் வந்த வினையை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று அவர் பேசியபோது நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் தூறல் நாளுக்கு நாள் தேறினாள், ஆனால் சாப்பிட மறுத்தாள். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழாமல் படுத்தே இருக்கிற பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும். பவுனு எப்ப வருவா என்பதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்கவில்லை. வடிவு ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஐந்து நாள் விடுப்பு முடிந்து, காற்றுப் பிரிவிலிருந்து வடிவுக்கு ஆள் மேல் ஆள் வந்தது. வீட்டில் துணி மலையாகக் கிடந்தது. இன்றைக்கே தூறலை வீட்டுக்கு அனுப்புகிறோம், அடுத்த ஊசியைச் செவிலி வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று மருத்துவமனையில் சொன்னபோது, வடிவு நேராகப் பணிமனைக்குப் போனாள். அது திருத்தம் தொடங்கிய நான்காம் நாள்.

பணிமனையைப் பார்த்துக்கொள்பவன் சவரிமுத்து. செவிலிகளைப் பிரித்து மாட்டுவதில் ஊரில் அவனை விட்டால் ஆள் கிடையாது. பவுனு நீண்ட பலகையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று கல் முடிந்திருந்தது. வடிவு கேட்டுக்கொண்டதற்காக அவன் அவளுக்குச் சோதனை வைத்தான். காய்ச்சல் விட்டுவிட்டது, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டான். கூடாது, சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கணும் என்றாள் பவுனு. பிள்ளை அழுகிறது என்றான், அப்பவும் கொடுக்கணும் என்றாள். மிச்ச மருந்தை என்ன செய்வாய் என்றான், மிச்சமே இருக்கக் கூடாது என்றாள். பத்துக் கேள்வி கேட்டான், பத்துக்கும் சரியான பதில். வடிவுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை அங்கேதான் வந்தது.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பவுனை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். சவரிமுத்து தயங்கினான்.

"அக்கா, இன்னும் ஏழு கல்லு இருக்கு. மேலாக இருக்கிற பழக்கம்தான் சட்டுனு போவும். அடியில கெடக்கிறது கடைசியிலதான் போவும். இப்ப நிறுத்தினா பதுங்கிக் கெடந்து திரும்ப வந்துரும்."

வடிவு பவுனைப் பார்த்தாள். மூன்றாவது கல் வைத்ததிலிருந்து பவுனு கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தாள். தூறலை அவள் செல்லமாகக் கூப்பிடும் பெயரைக் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். வடிவுக்கு அது பொறுக்கவில்லை. இன்னும் ஏழு கல் வைத்தால் இவள் பழைய பவுனாகவே இருக்க மாட்டாள் என்று பயந்துபோனாள்.

"அதான் எல்லாத்துக்கும் சரியாச் சொல்றாளே தம்பி. குணமான அப்புறம் எதுக்குச் சும்மா கல்லைப் போட்டு அவ தலையைக் கெடுக்கணும்?"

சவரிமுத்து இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வடிவு அவனைப் பேச விடவில்லை. பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறது, உனக்கும் ஒரு பெண் இருக்கிறது, யோசித்துப் பார் என்றாள். அவன் படிவத்தை நீட்டினான். பத்துக் கற்களும் முடிந்தனவா என்ற இடத்தில் வடிவு 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. கேட்டால் அப்படித்தானே எழுத வேண்டும்.

"மிச்சக் கல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க," என்றாள் வாசலில் திரும்பி. "பத்திரமா வைங்க. மறுபடி ஏதாவதுன்னா பாத்துக்கலாம்." பிறகு இருவரும் கதவின் முன் நின்றார்கள். வடிவு நாக்கை நீட்டி 'ஆ' என்றாள். கதவு திறந்தது. பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் இன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவாள் என்ற நினைப்பில் வேகமாக நடந்தாள்.

சவரிமுத்து ஏழு கற்களையும் அவற்றின் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே வடிவின் வீட்டு எண்ணை எழுதினான். அலமாரியைத் திறந்தான். அறுபது வீட்டில் நாற்பத்தொரு வீட்டுப் பெட்டிகள் அங்கே ஏற்கெனவே அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த பெட்டியில் எட்டுக் கல் மிச்சம் இருந்தது. அது டாக்டர் ஜைனம்பு வீட்டுப் பெட்டி. அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வடிவின் பெட்டிக்கு இடம் பண்ணினான்.